கைதட்டல் இல்லாத கேசட்

“ஆம்பளப் பயலுகளே இந்தச் சத்தத்த அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டேங்கிறாய்ங்க. நீ முழுசாக் கேட்டு, அதுல நல்லது எது, கெட்டது எதுன்னு வேற எழுதப்போறியாக்கும்?”

காரைக்குடியில் எங்கள் இசைக் கூட்டத்தை நடத்திவந்த பேராசிரியர், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் இப்படிக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி சொன்னாள்:

“அவ எழுதுவா சார். இங்க இருக்க எல்லாரையும்விட அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.”

நான் எழுதப்போவது அந்தத் தோழியைப் பற்றித்தான். ஆகவே அன்று அவள் எனக்காகப் பேசியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். பின்னால் நடந்ததற்கும் அந்த நம்பிக்கைதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

கூட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டுடோரியல் கல்லூரியின் மாடியில் நடக்கும். வங்கிக்காரர்கள், பொறியியல் மாணவர்கள், சில ஆசிரியர்கள் வருவார்கள். மேல்நாட்டு இசையைக் கேட்பதும் அதைப் பற்றிச் சண்டை போடுவதும்தான் வேலை. பெண்கள் என்று நானும் அவளும் மட்டும். ஊரில் மாதா கோவிலில் முதல் பூசை முடிந்ததும் முக்காட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக பஸ் ஏறிவிடுவேன். அப்பா விவசாயி. அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அம்மா பஸ்ஸை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியல் படித்தேன். இதைப் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

கூட்டத்தார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்து ஓர் இதழ் போட்டார்கள். அதில் இசைத்தட்டு விமர்சனத்துக்கு என்று இரண்டு பக்கம் உண்டு. அதை எழுதிவந்த வங்கி ஊழியர் மாற்றலாகிப் போனதும், அந்த இரண்டு பக்கத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் பேராசிரியர் அப்படிச் சொன்னார். தோழி பேசிய பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார்.

“சரி, ஒண்ணு எழுதி அடுத்த கூட்டத்துல வாசி. தேறுச்சுன்னா பக்கம் உனக்கு.”

எனக்கு அந்த இரண்டு பக்கம் வேண்டும். அதைவிட, அந்த அறையில் இருக்கும் எல்லோரும் என் காதை நம்ப வேண்டும். வேறு எதற்கும் நான் அந்த வருடம் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எழுத எடுத்துக்கொண்டது ஒரு ப்ரோக்ரெசிவ் மெட்டல் குழுவின் மேடைப் பதிவு. இந்த வகை இசையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கனத்த கிட்டாரும் வேகமான டிரம்ஸும் இருக்கும். ஆனால் அதோடு நிற்காது. ஒரே பாட்டுக்குள் தாளம் நாலிலிருந்து ஏழுக்கு மாறும், ஒன்பதுக்குப் போகும். எல்லாம் திடீரென்று அடங்கி ஒரு பியானோ மட்டும் கேட்கும். சில பாட்டுகள் கால் மணி நேரம் ஓடும். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலைவலி வந்தது. கேட்கக் கேட்க, கூட்டத்தோடு நடந்து பழகியவர்களுக்கு ஊர்வலத்தின் நடை பிடிபடுவதுபோல் அந்த ஏழு பிடிபட்டது. அதன்பிறகு நாலில் ஓடும் பாட்டுகள் எல்லாம் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

என் காதுக்குப் பயிற்சி தந்தது எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழு. ஒரு முறை திருவிழாப் பூசையில் நாங்கள் பாடியதைக் கேசட்டாகப் பதிந்தார்கள். அதில் ஒரு குழந்தை அழுகிறது. யாரோ இருமுகிறார்கள். காணிக்கைப் பாட்டின் நடுவில் வெளியே வெடிச் சத்தம். பதிவு சரியாக வராத ஒரே ஒரு பாட்டை மட்டும் பிறகு மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் போய்ப் பாடிச் சேர்த்தோம். அந்தப் பாட்டில் எங்கள் குரல்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றிக் கோவில் இல்லை. கேசட்டைப் போட்டால் அந்தப் பாட்டு வந்ததும் எனக்கு மூச்சு முட்டும். மேடைப் பதிவு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அந்தக் குழுவின் ஸ்டுடியோ பாட்டுகளை நானும் தோழியும் ஒரே வாக்மேனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தோம். வாக்மேன் அவளுடையது. அவள் செட்டியார் வீட்டுப் பெண். அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். மேடைப் பதிவு வெளிவந்ததும் அவர்தான் அதை சிடியாக அனுப்பிவைத்தார். இரண்டு வட்டுகள். என்னிடம் சிடி போட எதுவும் இல்லை. அவர்களுடைய சிடி ப்ளேயர் கண்டனூரில் பூர்வீகப் பெரிய வீட்டில் இருந்தது. அந்த வீட்டைக் கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்பார்கள்.

“கவலப்படாதடி. கடையில குடுத்து உனக்கு கேசட்டுல எடுத்துத் தாரேன்,” என்றாள்.

சொன்னபடி அடுத்த வாரம் தந்தாள். காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே கேசட். உறையில் ஆங்கிலப் பாட்டுப் பெயர்களை அவளே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

அந்த கேசட்டோடு நான் குடும்பம் நடத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டு டேப்ரெக்கார்டரில் போட்டால் அம்மா, “என்னத்தடி ஒடைக்கிறாய்ங்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். ஒரு நாள் அவளே அருகில் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். “இம்புட்டுக் கஷ்டப்பட்டு வாசிக்கிறாக, கேக்க ஒருத்தரும் வரலையா?” என்றாள்.

அம்மா சொன்னதுதான் என் கட்டுரையின் முதல் குறை ஆயிற்று. ஏனென்றால் அந்த கேசட்டில் கைதட்டலே இல்லை. ஆள் அரவம் இல்லை. பாட்டின் கடைசிச் சுரம் விழுந்ததும் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் ஒருவர்கூட இருமவில்லையா, தங்களைக் கேட்க வந்தவர்களை இந்தக் குழு வெட்கப்பட்டு மறைக்கிறதா என்று எழுதினேன்.

நிறைகளும் எழுதினேன். அவற்றில் நான் மிகவும் பெருமைப்பட்டது ஒன்று. கேசட்டின் முதல் பக்கத்தில் நாலாவது பாட்டு முடிகிறது. கிட்டாரின் கடைசி ஒலி தேய்ந்து மறைவதற்குள் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். உடனே அடுத்த பாட்டின் டிரம்ஸ் பாய்கிறது. அந்த ‘டக்’, டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு குச்சிகளைத் தட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கும் சைகை என்று எழுதினேன். ஒரு பாட்டு சாகும் முன்பே அடுத்ததை எழுப்பிவிடும் துணிச்சல், பழகிய கைகளுக்கு மட்டுமே வரும் நம்பிக்கை என்றெல்லாம் ஒரு முழுப் பத்தி. ஹெட்போன் இல்லாமல், பழைய டேப்ரெக்கார்டரின் ஒற்றை ஸ்பீக்கரில் அந்த ‘டக்’கை நான் பிடித்தேன் என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் தோழியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். கண்டனூர் வீடு திறந்தது. கட்டுரையை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா கூடத்தில் தாம்பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாத்தா. ஒன் கூட்டாளி மேல இருக்கா. சாப்புடாமப் போகக் கூடாது.”

“சரி ஆச்சி,” என்று மாடி ஏறினேன்.

மாடி அறையில் ஜமுக்காளக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தேன். அவள் தேன்குழலைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கைதட்டல் இல்லாத குறையை வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. குச்சிச் சத்தத்துக்கு வந்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

“அந்த ‘டக்’ சத்தம் உனக்குக் கேட்டுச்சா?”

“உனக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. வாசி.”

வாசித்து முடித்தேன். “நல்லாருக்குடி. ஒரு எழுத்த மாத்தாத,” என்றாள். அறையின் மூலையில் சிடி ப்ளேயர், போர்வை போர்த்தி இருந்தது. ஒரு தடவை சிடியிலேயே கேட்டுவிடலாமே என்றேன்.

“இன்னிக்கு வேணாம்டி. கீழ நாயனக்காரவுக வந்துட்டாக. இந்தக் கூத்த இப்பப் போட்டா அப்பச்சி வைவாக.”

அது நியாயமாகத்தான் இருந்தது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கூட்டத்தன்று வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆள் வந்திருந்தார்கள். பேராசிரியர் புதிதாக வாங்கிய சிடி ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் நின்றுகொண்டு வாசித்தேன். கைதட்டல் பற்றிய இடத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வாதம் அவர்களைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். குச்சிப் பத்தியை வேண்டுமென்றே நிதானமாக வாசித்தேன்.

நான் உட்கார்ந்ததும் தோழி கைப்பையைத் திறந்து இரண்டு சிடிகளையும் எடுத்தாள்.

“சார், அந்த எடத்த மட்டும் போட்டுப் பாப்பமா?”

போட்டார்கள். நாலாவது பாட்டு முடிந்தது. கடைசிச் சுரம் விழுந்ததும் அறையே நிறையும்படி ஒரு கூட்டம் ஆர்ப்பரித்தது. விசில். கைதட்டல். பாடகர் ஏதோ பேசினார். யாரோ சிரித்தார்கள். பிறகு கீபோர்டு தனியாக நெடுநேரம் வாசித்தது. என் கேசட்டில் உடனே வரும் பாட்டு, இதெல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்கியது. நான் ‘டக்’குக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை.

“குச்சி எங்கங்க? காணமே,” என்றான் ஒரு பொறியியல் மாணவன்.

“குச்சி ஐஸா இருந்திருக்கும். கரைஞ்சுபோச்சு,” என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். தோழி கையை உயர்த்தி அவர்களை அடக்கினாள்.

“கேசட்டுல கேட்டா அப்புடித்தான் சார் இருக்கும். அவ மேல தப்பில்ல.”

எனக்காகப் பேசிய அதே குரல். முகமும் அதேபோல் கனிவாக இருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோவிச்சுக்காதம்மா. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா சிடி கையில இருக்கவுக எழுதுனாத்தான் நம்ம இதழுக்கு மரியாதை. என்ன சொல்றீக?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பக்கமும் அவளுக்குப் போயிற்று.

மறுநாள் கேசட் கடைக்குப் போனேன். கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் ஒரு சின்ன ரெக்கார்டிங் சென்டர். கடைக்கார அண்ணனுக்கு என்னை முகம் தெரியும்.

“அண்ணே, இந்தக் கேசட்டுல நீங்க எதையும் வெட்டுனீகளா?”

“ஆமாத்தா.” ஒளிக்கவே இல்லை. “ஒங் கூட்டாளிப் பிள்ளதான் சொல்லுச்சு. கைதட்டு, பேச்சு, கூட்டம் கத்துறது, தனியா இழுக்குறது எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே கேசட்டுல அடச்சுக் குடுங்கன்னுச்சு. ரெண்டு சிடிய வேற எப்புடி அடைக்கிறது?”

“கேட்டா வெட்டுன மாதிரியே தெரியலையே.”

“தெரியாம வெட்டுறதுதான தொழிலு.”

அவர் கை அப்படிப் பழகியிருந்தது. அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மைக் செட் காரர்கள். காதுகுத்து, சடங்கு, கோவில் விசேஷம் எதுவானாலும் ஒலிபெருக்கியில் பாட்டு இடைவெளி விடாமல் ஓட வேண்டும். நடுவே ஒரு நிமிடம் மௌனம் விழுந்தால் விசேஷ வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே ‘பாஸ்’ என்ற நிறுத்துப் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிற நொடியில் டேப்பை நிறுத்தி, அடுத்த பாட்டு எழும் நொடியில் விடுவார். ஊரில் ஓடும் கேசட்டுகள் எல்லாம் அப்படித் தைத்தவைதான். என் கண்முன்னே ஒரு கேசட்டில் செய்து காட்டினார். பட்டனை விட்டதும் ‘டக்’ என்றது.

நான் ஒரு முழுப் பத்தி புகழ்ந்த குச்சி அதுதான்.

தோழியைக் கல்லூரி வாசலில் பிடித்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“வெட்டச் சொன்னது நீயா?”

“ஒரு கேசட்டுல அடங்கணும்ல. கைதட்ட வச்சு நீ என்னடி பண்ணப்போறன்னு நெனச்சேன்.”

“அது சரி. கண்டனூர்ல வாசிச்சப்ப உனக்குத் தெரியும்ல?”

சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்,” என்றாள் பிறகு.

“அப்பறம் ஏன் ஒரு எழுத்த மாத்தாதன்னு சொன்ன?”

“வாக்மேன் என்னோடது, சிடி என்னோடது. ஆனா எதக் கேட்டாலும் நீதான் மொதல்ல கண்டுபிடிக்கிற. இந்த எடத்துல ஏழு, அந்த எடத்துல ஒம்போதுன்னு. நான் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு தடவையாச்சும் நீ தப்பா இருக்கணும்னு இருந்துச்சு.”

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒரு பொருளைக் கேட்பவள்போலச் சொன்னாள். எங்கள் இருவருக்கும் இடையே அந்த வாக்மேன் வயர் இத்தனை நாளும் இழுபட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். ஏனென்றால் அங்கே முழுப் பதிவும் இருக்கும் என்று யூகித்திருந்தேன். யார் சிடி கொண்டுவந்தாலும் தனக்கு ஒரு பிரதி எடுக்காமல் அந்த அண்ணன் திருப்பித் தருவதில்லை. அவர் கடையின் முதலே அதுதான். கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“இருக்குத்தா. ரெண்டு கேசட்டுல முழுசா வச்சிருக்கேன். ஆனா கேக்க ஆள் யாரு?”

“நான் கேக்குறேன்.”

மதியம் வாடிக்கையாளர் வராத நேரத்தில், அவர் சாப்பிடப் போனபோது, கேசட் டெக்கின் முன்னால் உட்கார்ந்து கடை ஹெட்போனில் முழுவதையும் கேட்டேன். மறுநாள் மறுபடியும். அதற்கு மறுநாளும்.

இந்த மேடைப் பதிவின் மிகச் சிறந்த நிமிடம் என் கேசட்டில் இல்லவே இல்லை. மெதுவான ஒரு பாட்டின் நடுவில் குழு வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. பாடகரும் நிறுத்திவிடுகிறார். கேட்க வந்தவர்கள் மட்டும் பாடுகிறார்கள். சுருதி சேரவில்லை. ஒரு பக்கத்தார் முந்துகிறார்கள், மறுபக்கத்தார் இழுக்கிறார்கள். எங்கள் கோவிலில் சனங்கள் பாடுவதுபோலவே இருந்தது. கிட்டார் அவர்களுக்குக் கீழே மெல்ல வந்து நிற்கிறது. கூட்டம் கத்துவதை எடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்லி எடுக்கவைத்தது இதைத்தான். எனக்கு எதிராக அவள் செய்தவற்றில் மன்னிக்க முடியாதது இது ஒன்றுதான்.

இன்னொன்றும் பிடித்தது. நீளப் பாட்டு ஒன்றில் கீபோர்டுக்காரர் தாளத்தில் ஓர் அடி முன்னதாக நுழைந்துவிடுகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் அதைக் கேட்டு, ஒரு சுற்றைச் சுருக்கி அவரைப் பிடித்துக்கொள்கிறார். தப்பைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். பழகிய கைகள் என்று நான் எழுதியது இவர்களுக்குப் பொருந்தும். எழுதிய இடம்தான் வேறு. குறை என்றால், கீபோர்டின் தனி வாசிப்பு விரல்களின் வேகத்தைக் காட்டுவதற்காக மட்டும் நீள்கிறது. அதை வெட்டச் சொன்னதில் தோழியோடு எனக்குச் சண்டை இல்லை. காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம் சாக்கு மூட்டையைத் தட்டுவதுபோல் மந்தமாக இருக்கிறது.

மூன்றாம் நாள்தான் மற்றது புலப்பட்டது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் விசில் அடிக்கிறார். மேலேறும் மூன்று சுரம், கடைசியில் ஒரு வழுக்கல். உடனே ஒரு கரகரத்த குரல் கத்துகிறது. இரண்டாம் வட்டின் கடைசியில் அதே விசில். அதே வழுக்கல். அதே கரகரப்பு, அதே இடைவெளியில். ஒரு மனிதர் இரண்டு தடவை விசில் அடிக்கலாம். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வழுக்க முடியாது. இரண்டையும் அடுத்தடுத்து ஒரு கேசட்டில் பதிந்து போட்டுப் பார்த்தேன். ஒரே கைதட்டலைத்தான் வெட்டி எடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டியிருந்தார்கள்.

அதன்பிறகு எல்லாமே கேட்கத் தொடங்கியது. வேகமான பாட்டுகளில் பாடகர் மூச்சு வாங்குவதே இல்லை. டிரம்ஸைச் சுற்றி ஒரு பெரிய அரங்கத்தின் எதிரொலி இருக்கிறது. உச்சத்தில் நிற்கும் குரலைச் சுற்றி ஒன்றும் இல்லை. மதுரை ஸ்டுடியோவில் நாங்கள் பாடிச் சேர்த்த பாட்டு எனக்கு நினைவு வந்தது. இவர்களும் பிறகு எங்கோ போய்ப் பாடிச் சேர்த்திருக்கிறார்கள்.

கடைக்கார அண்ணனை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். இரண்டு விசிலையும் கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

“அட, ஆமாத்தா. அப்ப அந்த ஊர்லயும் நம்மள மாதிரி ஒருத்தன் பட்டன்ல வெரல வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்.”

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோழி செய்ததையாவது அவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வருடமாக நான் காதோடு வைத்துக்கொண்டிருந்த குழு, அன்று அங்கே இப்படித்தான் நடந்தது என்று சிடி உறையில் அச்சடித்துவிட்டு இப்படிச் செய்திருந்தது. வந்தவர்களை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவர்கள் வெட்கப்பட்டது தங்கள் குரலைக் குறித்து.

இதழ் வந்தது. தோழியின் இரண்டு பக்கம் சுத்தமான நடையில் இருந்தது. மேடைப் பதிவின் உயிரே அந்தக் கைதட்டல்தான், கேசட்டில் கேட்பவர்களுக்கு அது கிடைக்காது, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கூட்டம் புதிதாகப் பொங்குகிறது என்று எழுதியிருந்தாள். ‘புதிதாக’ என்ற சொல்லை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் அதன் கீழே பாராட்டி ஒரு வரி சேர்த்திருந்தார். நான் அடுத்த கூட்டத்துக்குப் போகவில்லை.

தேர்வு முடிந்தது. கடைக்கார அண்ணனுக்கு ஆங்கிலப் பாட்டுப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுத ஓர் ஆள் தேவையாக இருந்தது. மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை வருகிறேன் என்றேன். அப்பாவுக்கு வருத்தம்.

“காலேசு படிச்சுப்புட்டுக் கேசட்டுக் கடையிலயா?”

“அங்க டெக் இருக்குப்பா,” என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

கடையில் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மைக் செட் காரர்களுக்கு எப்படி வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். மற்றவர்களிடம் வெட்டும் முன் கேட்க வேண்டும். கேட்கிறோம். பெரும்பாலோர் வெட்டச் சொல்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம், தெரிந்து சொல்கிறார்கள்.

பிறகு என் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். குச்சிப் பத்தி போய்விட்டது. சனங்கள் தனியாகப் பாடும் நிமிடம், ஓர் அடி முந்திய கீபோர்டு, சுற்றிலும் ஒன்றுமில்லாத குரல், இரண்டு இடத்தில் வழுக்கும் ஒரே விசில் எல்லாம் வந்தன. விசில் எந்தெந்த இடத்தில் என்பதையும் குறித்தேன், கேட்பவர்களே சரிபார்க்கட்டும் என்று. அதைச் சின்ன எழுத்தில் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, கேசட் பெட்டிக்குள் அடங்கும்படி மடித்தேன். இப்போது அந்த மேடைப் பதிவை எங்கள் கடையில் யார் வாங்கினாலும், கைதட்டலோடு இரண்டு முழுக் கேசட்டும் உள்ளே என் பெயர் போட்ட இந்தத் தாளும் கிடைக்கும்.

“எவன்த்தா இத வாசிக்கப் போறான்?” என்றார் அண்ணன்.

“வாசிக்கிறவுக வாசிக்கட்டும்ணே.”

இன்று காலை பஸ் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போகாமல் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் செய்தித்தாளோடு நின்றிருந்தார். மடித்த தாள் வைத்த கேசட்டுகளையும், இரண்டு விசிலை மட்டும் அடுத்தடுத்துப் பதிந்த இன்னொரு கேசட்டையும் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது? உள்ள வா, ஒக்காந்து பேசுவம்.”

“கேட்டுப் பாருங்க சார். எனக்கு நேரமாச்சு, கடையத் தொறக்கணும்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது.